மனச்சாட்சியின் எல்லை வேலி

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கிறிஸ்தவம் வேரூன்றிய வரலாற்றை அறிய விரும்புவோர் முதலிற் காணச் செல்வது கோட்டையையே. நாமும் அங்கேதான் சென்றோம். 1619ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கைப்பற்றிய யாழ்ப்பாணத்தை 1658இல் ஒல்லாந்தர் கைக்கொண்டனர். அவர்கள் 1706இல் கோட்டையினுள் எழுப்பிய பெருந்தேவாலயம், சென்ற நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த போரில் அழிந்துபோயிற்று. அந்த இடத்தில் நின்றபோது நம்முள் ஒரு வினா எழுந்தது. சமயம் மனிதனைத் தீமையினின்றும் விலக்குமா? விலக்குமாயின் எவ்வாறு?

ஒல்லாந்தர் சட்டத்தை நம்பினர். கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று 1658இலேயே பறைசாற்றினர். தங்கள் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றோருக்கே உத்தியோகமும் உரிமைகளும் கிடைத்தன. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாதோர் தண்டப்பணம் கட்டினர். ஆதலால் கிறிஸ்தவர் தொகை ஏட்டிற் பெருகிற்று. 1796இல் ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் தளர்ந்ததும், அப்பெயர்களிற் பெரும்பாலானவை காற்றோடு கலந்தன. தண்டத்துக்கு அஞ்சி வந்த ஒழுக்கம் தண்டம் உள்ளளவும்தானே நிற்கும்!

கோட்டையிலிருந்து மானிப்பாய், சண்டிலிப்பாய் வழியாகப் பண்டத்தரிப்பை அடைந்து, அங்கிருந்து சில்லாலைக்குச் சென்றோம். இருமருங்கும் பனைகள், தோட்டங்களைச் சூழக் கதியால் வேலிகள். இவ்வமைதியான சிற்றூருக்குத்தான் கோவாவிற் பிறந்த யோசேவ் வாஸ் அடிகளார் மறைந்து வந்து சேர்ந்தார். 1687இல் இலங்கைக் கரையில் இறங்கிய அவர், பிச்சைக்காரர் கோலத்திற் கழுத்திற் செபமாலையுடன் வீடு வீடாகத் திரிந்தார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கிறதோ அவரே தம்மவர் என்று அறிந்துகொண்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவின்றித் தவித்த மக்களுக்கு அவர் இரவிலே பூசை செய்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார்.

பாவசங்கீர்த்தனம் என்பது குருவின் காதிற் குற்றத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போவதன்று. முதலில் ஆத்தும சோதனை, பின்பு மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, அதன்பின்னரே அறிக்கை, இறுதியிற் பரிகாரம். ஆலயத்தருகே நாம் சந்தித்த முதியவர் ஒருவர் இதனைத் தம் ஊர்மொழியிலே விளக்கினார்:

"பிள்ளையள், இரவிலை எல்லைக் கதியாலை அரை முழம் தள்ளி நட்டவன் சுவாமியாரிட்டைச் சொன்னாப் போதாது. விடிஞ்சதும் அந்தக் கதியாலைப் பிடுங்கிப் பழைய இடத்திலை நடவேணும். இல்லையெண்டால் அது சும்மா கதைதான்."

வேலி வழக்கினாற் குடும்பங்கள் நொடித்துப்போன இக்குடாநாட்டில் இதனினும் தெளிந்த உபதேசம் வேண்டுமோ? நாள்தோறும் தன்னைத் தானே விசாரிக்கப் பழகியவன், கதியாலைப் பிடுங்கக் கை நீட்டும்போதே அது களவு என்று காண்கிறான். அயலான் அறியாவிடினும் தான் அறிவான். தன் ஆண்டவனும் அறிவான்.

அந்த நெஞ்சுரத்துக்குச் சோதனையும் வந்தது. 1689ஆம் ஆண்டு நத்தார்ப் பூசைக்குக் கூடிய கத்தோலிக்கரை ஒல்லாந்த வீரர் பிடித்துச் சென்றனர். சிலர் சிறையிலேயே மாண்டனர். அடிகளார் தப்பிப் பின்னர்க் கண்டி சென்று, 1711இல் அங்கே மறைந்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் தேதி கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அடுத்து வட்டுக்கோட்டைக்குச் சென்றோம். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் செமினரி நிறுவிய ஊர் இது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியும் இங்கேயே தோன்றிற்று. இங்கு ஒரு கசப்பான உண்மையையும் எண்ண வேண்டியவர்களானோம். ஆண்டவன் முன் யாவரும் சமம் என்று பாடிய ஆலயங்கள் பலவற்றிலும் குடாநாட்டுச் சாதி வழக்கம் நெடுங்காலம் நிலவியது. கதியால் நகர்த்திய பாவத்தைக் கண்ட கண்கள், அருகிலிருந்தவனைத் தள்ளிவைத்த பாவத்தைக் காணவில்லை. ஒருவன் செய்யும் குற்றம் எளிதிற் புலப்படும். ஊரே சேர்ந்து செய்யும் குற்றம் வழக்கம் என்ற போர்வையில் ஒளிந்துகொள்ளும். ஆயினும் உள்ளிருந்தே எதிர்க்குரலும் எழுந்தது. கிறிஸ்தவரான ஹண்டி பேரின்பநாயகம் 1924இல் தொடக்கிய மாணவர் காங்கிரசிலே இந்து இளைஞரும் கிறிஸ்தவ இளைஞரும் கூடித் தீண்டாமையைக் கண்டித்தனர். அவ்வியக்கத்தின் அழைப்பை ஏற்றுக் காந்தியடிகளும் 1927இல் யாழ்ப்பாணம் வந்தார்.

எனவே விசுவாசம் தீமையைத் தானாக ஒழித்துவிடும் என்று நாம் கூறத் துணியோம். அது தருவது ஒரு விளக்கு. அவ்விளக்கைத் தன் வீட்டுக்குள் மாத்திரம் பிடித்தாற் போதாது. ஊர் வழக்கத்தின் மேலும் பிடித்துப் பார்க்க வேண்டும்.

2009இற் போர் ஓய்ந்தபின், இடம்பெயர்ந்தோர் பலர் திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை, காணியைப் பற்றைக்காடு மூடியிருந்தது. உறுதி எரிந்துபோனவரும் உளர். அயற் காணிக்காரர் கடல்கடந்து போனவரும் உளர். அத்தகைய இடத்தில் முதற் கதியாலை எங்கே நடுவது என்பதை எந்தச் சட்டமும் முழுதாகக் காவல் செய்ய முடியாது. பார்ப்பார் இல்லாத அவ்வேளையிற் பழைய எல்லையை நினைவுகூர்ந்து நடுகின்ற கையே, சில்லாலை மக்கள் இருளிலே காத்துவந்த விசுவாசத்தின் உண்மையான சாட்சியாகும்.