வலிக்கு முன்பே மாத்திரை

தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது, வலது கை மரக்கட்டை போலத் தொங்கியது. கழுத்தோரம் போட்ட நரம்பு ஊசியின் வேலை. குரலும் கம்மியிருந்தது. வானொலியில் பேசிப் பிழைப்பவள் நான்; பயந்துபோனேன். அதுவும் ஊசியால்தான், தானே சரியாகிவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

இன்னொன்றும் சொன்னார்: "மரப்பு 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடும். அதற்கு முன்பே வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள்."

இரவு 10 மணிக்கு அம்மா மாத்திரையை நீட்டினார். "வலியே இல்லையேம்மா" என்று படுத்துவிட்டேன்.

அதிகாலை 3 மணிக்கு மரப்பு விட்டது. குரலும் திரும்பியிருந்தது, அலறுவதற்கு! மாத்திரை கேட்க ஒரு மணி நேரமானது. அதுவரை அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஊசி போட்டால், வலி வரட்டும் என்று காத்திருக்க விடாதீர்கள். டாக்டர் சொன்ன நேரத்துக்கு எழுப்பியாவது மாத்திரையைக் கொடுங்கள்.