நேசம் கொண்ட எண்கள்

முப்பத்திரண்டு ஆண்டுகள் கணித ஆசிரியனாகக் கரும்பலகை முன் நின்றவன் நான். ஓய்வு பெற்ற பின்னரும் என்னை விட்டு நீங்காத எண் ஒன்று உண்டு. அது 17,296.

இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் சிறிய எண்கள் பத்தொன்பது. அவற்றைக் கூட்டினால் 18,416 வரும். 18,416-ஐ அவ்வாறு வகுப்பவையோ ஒன்பதே: 1, 2, 4, 8, 16, 1151, 2302, 4604, 9208. பொறுமையுள்ள வாசகர்கள் கூட்டிப் பார்க்கட்டும்; 17,296 திரும்பி வந்து நிற்கும். இத்தகைய இணைகளை அரபுக் கணிதர்கள் 'முதஹாப்பா', அதாவது ஒன்றையொன்று நேசிப்பவை, என்றழைத்தனர். பண்டையோர் அறிந்திருந்த இணை 220, 284 ஒன்றே.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தாபித் இப்னு குர்ரா இவற்றைக் காண ஒரு விதி வகுத்தார். 24, 48 ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். முன்னது மூவெட்டு, பின்னது அதன் இரட்டி. இரண்டின் பெருக்கம் 1152. மூன்றிலும் ஒன்றைக் குறைத்தால் 23, 47, 1151. மூன்றுமே பகா எண்கள். ஆகவே 16 × 23 × 47 ஓர் எண். 16 × 1151 அதன் துணை. 12, 24 என்று தொடங்கினால் 287 வந்து காரியத்தைக் கெடுத்துவிடும். அது ஏழால் வகுபடும்.

1636-இல் பிரான்சின் ஃபெர்மா இவ்விணையை அறிவித்தார். அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீயும், மராகிஷில் இப்னுல் பன்னாவும் அதனை எழுதி வைத்திருந்தனர். ஆண்டுதோறும் மாணவரிடம் இதைப் பெருமிதத்தோடு சொல்வேன். அத்துடன் நின்றேனா? தாபித் ஒரு முஸ்லிம் என்றும், அவர் விதிக்குள் அடங்காத நேச இணை கிடையாது என்றும் சேர்த்துச் சொல்வேன்.

சென்ற பெருநாள் விடுமுறையில் என் பேரன் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்தான். "நன்னா, 1184-ம் 1210-ம் அந்த விதியில் வரவில்லையே?" என்றான். வகுத்துக் கூட்டினேன். நேச எண்களேதாம். 1866-இல் பதினாறு வயது இத்தாலியச் சிறுவன் ஒருவன் கண்டது. ஃபெர்மா, டேக்கார்ட், ஆய்லர் அனைவர் கண்ணுக்கும் தப்பிய இணை.

மனம் துணுக்குற்று நூல்களைப் புரட்டினேன். தாபித், ஹர்ரானின் சாபியீ சமயத்தவர். அவரது திறமையைக் கண்டு பக்தாதுக்கு அழைத்து வந்து ஆதரித்தவர்களே பனூ மூஸா சகோதரர்கள். உள்ளது உள்ளபடியே எத்துணை அழகிய வரலாறு! அவ்விதியும் ஒரு வழியைக் காட்டிற்றேயன்றி, வேறு வழியில்லை என்று சொல்லவில்லை. சொன்னவன் நான்.

என் பழைய மாணவர் ஒருவர் இப்போது கணித ஆசிரியராயிருக்கிறார். அன்றிரவே அவரைத் தொலைபேசியில் அழைத்து விவரம் கூறினேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை.

"சார், போன வாரம்தான் பிள்ளைகளுக்கு அதை எழுதிப் போட்டேன்" என்றார்.