நூறு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சா போதும்!

'வேலை தேடாதீங்க, வேலை கொடுங்க!'னு உங்க காலேஜ் ஆண்டு விழாவுல யாராவது ஒரு சீஃப் கெஸ்ட் மைக்கைப் பிடிச்சு முழங்கியிருப்பாரே? நீங்களும் கடைசி வரிசையில உட்கார்ந்து கை தட்டிட்டு, மறுநாளே கேம்பஸ் இன்டர்வ்யூவுக்கு டை கட்டப் பழகியிருப்பீங்க. சேம் பிளட்! நானும் அப்படித்தான் இருந்தேன், மெல்பர்ன்ல தட்டு கழுவப் போய் ஒரு இத்தாலி தாத்தாகிட்ட மாட்டுற வரைக்கும்.

2008 ஜூலை. மாஸ்டர்ஸ் படிக்க ஆஸ்திரேலியா போய் இறங்கினேன். அங்கே ஜூலைன்னா பல்லு தந்தியடிக்கிற குளிர். அப்போ ஸ்டூடன்ட் விசாவுல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்க முடிஞ்சுது. பயோடேட்டாவை முப்பது காப்பி எடுத்துக்கிட்டு, சிட்னி ரோடுல கடை கடையா ஏறி இறங்கினேன். (பேர்தான் சிட்னி ரோடு, இருக்கிறது மெல்பர்ன் ப்ரன்ஸ்விக்ல. 19-ம் நம்பர் டிராம் போற ரூட்.) இருபத்தொன்பது இடத்துல பல்பு. முப்பதாவது ஒரு காபி கடை. போர்டுல ஒரு இத்தாலியப் பேரு, பக்கத்துல 'அண்ட் சன்ஸ்'. உள்ளே 72 வயசுல ஒரு தாத்தா. என் பயோடேட்டாவை வாங்கினவர், திருப்பிப் போட்டு பின்பக்கம் காலியா இருக்கான்னு பார்த்தார். 'கணக்கு எழுத ஆகும்'னு மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

''நூறு வரைக்கும் எண்ணத் தெரியுமா?''

பி.இ., ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ்! பல்லைக் கடிச்சுக்கிட்டு 'தெரியும்'னேன். ''நாளைக்குக் காலையில ஆறு மணி''ன்னார். அவ்வளவுதான் இன்டர்வ்யூ.

நம்ம ஊர்ல கண்டவனையும் 'பாஸ்'னு கூப்பிட்ட பழக்கத்துல அவரையும் 'பாஸ்'னு கூப்பிட்டேன். அவர் நிஜமாவே பாஸ்ங்கிறதால பிரச்னை இல்லை!

அந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரிய ரெண்டு மாசம் ஆச்சு. ஒருநாள் கல்லாவுல சில்லறை அடுக்கும்போது, அடியில பழுப்பேறின ஒரு தாள் சிக்குச்சு. ஒன், டூ, த்ரீன்னு நூறு வரைக்கும் இங்கிலீஷ் எண்களை இத்தாலிய எழுத்துக்கூட்டல்ல எழுதி வெச்சிருந்தார். ஸ்கூல்ல இங்கிலீஷ் பொயமைத் தமிழ்ல எழுதி மனப்பாடம் பண்ணுவோமே, அதே டெக்னிக்!

அன்னிக்கு கூட்டம் கம்மி. கதை சொன்னார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்கு ஆள் வேணும். இத்தாலிக்கு வேலை வேணும். 1951-ல் ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டாங்க. கப்பல் டிக்கெட்டுக்கு உதவி உண்டு. பதிலுக்கு, காட்டுற இடத்துல ரெண்டு வருஷம் வேலை பார்க்கணும். கலாப்ரியாவுல ஒரு மலைக்கிராமத்துல இருந்து பாஸ் 1955-ல் கிளம்பினப்போ வயசு 19. ஒரு மாசக் கப்பல். ஸ்டேஷன் பியர்ல இறங்கி, அங்கிருந்து ரயில்ல போனகில்லா முகாம். மெல்பர்ன்ல இருந்து சுமார் 300 கிலோமீட்டர். பழைய ராணுவ கேம்ப், தகர ஷெட்டு. மூணு வேளையும் ஆட்டுக்கறி வாசனை. ''பாஸ்தாவைக் கஞ்சியா காய்ச்சி ஊத்துவாங்க பையா!''ன்னு சொல்லும்போது, அரை நூற்றாண்டுக் கோபம் முகத்துல அப்படியே தெரிஞ்சுது. (1947-ல் இருந்து 1971 வரைக்கும் மூணு லட்சத்துக்கும் மேல ஆட்கள் இந்த முகாமைத் தாண்டித்தான் ஆஸ்திரேலியாவுக்குள்ள போயிருக்காங்க. அந்த வருஷங்கள்ல வந்து இறங்கியிருந்தா, பெரும்பாலான காலம் உங்களையும் என்னையும் உள்ளேயே விட்டிருக்க மாட்டாங்க. 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை முழுசா ஒழிஞ்சது 1973-ல்தான்.)

மிர்ட்டில்ஃபோர்டு பக்கம் புகையிலைத் தோட்டத்துல ரெண்டு வருஷம். அப்புறம் மெல்பர்ன்ல ஒரு ஃபேக்டரி. ஃபோர்மேன் என்ன சொல்றான்னு புரியாம, சிரிச்சே சமாளிச்சிருக்கார். ஒருநாள் திட்டினதுக்கும் சிரிச்சுட்டார். மொத்த ஷெட்டும் இவரைப் பார்த்துச் சிரிச்சுது. அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டாராம், சொந்தக் கடைன்னு. லட்சியம், கனவு எல்லாம் அவர் வாயில இருந்து நான் கேட்டதே இல்லை.

''ஏன் பாஸ் காய்கறிக் கடை?''

''இங்கிலீஷ் வேண்டாமே! எது வேணும்னு அவங்களே விரலால காட்டுவாங்க. நான் நம்பர் மட்டும் சொன்னா போதும்.''

அதுக்குத்தான் அந்தத் தாள்!

1960. ஊர்க்காரங்க நாலு பேர் வட்டி இல்லாம, பேப்பர் இல்லாம கைமாத்து கொடுக்க, காய்கறிக் கடை ரெடி. விடியறதுக்கு முன்னாடி விக்டோரியா மார்க்கெட் போய் சரக்கு எடுக்கணும். வாடிக்கை எல்லாம் ஃபேக்டரியில வேலை பார்க்கிற இத்தாலிக்காரங்க, கிரேக்கர்கள். சம்பளத்தன்னிக்கு காசு, மத்த நாளெல்லாம் நோட்டுல கணக்கு. அந்த வருஷம் நவம்பர்ல அரசாங்கம் பேங்க் கடனை இறுக்குச்சு. அடுத்த வருஷமே ஃபேக்டரிகள்ல ஆட்குறைப்பு. 1961-ல் போனகில்லாவுல 'வேலை கொடு'ன்னு போராட்டமே நடந்துச்சு. பாஸ் கடையில நோட்டு நிறைஞ்சுது, கல்லா காலி. 'வசூலுக்குப் போகலையா?'ன்னு கேட்டேன். ''போனேன். உட்காரு, சாப்பிடுன்னாங்க. சாப்பிட்டுட்டு வந்துட்டேன்''ன்னார். முதல் கடை க்ளோஸ்.

ரெண்டாவது எஸ்ப்ரெஸ்ஸோ பார். அப்போ மெல்பர்ன்ல மதுக்கடை எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மூடணும்னு சட்டம். ஆறு மணிக்கு மேல இளைஞர்கள் எங்கே போவாங்க? காபி கடைக்குத்தான்! போர்க் ஸ்ட்ரீட்ல 1954-ல் திறந்த பெலிக்ரினீஸ் அந்த அலையில வந்ததுதான். பாஸ் 1962-ல் செகண்ட் ஹேண்ட்ல ஒரு லீவர் மெஷின் வாங்கினார். லீவரைக் கீழே இழுத்தா உள்ளே ஸ்ப்ரிங் சுருங்கும். விட்டா, அது விரியற வேகத்துல சுடுதண்ணி காபித்தூளுக்குள்ள அழுத்தமா இறங்கும். கை நழுவினா லீவர் சீறி வந்து தாடையைப் பேத்துடும். பாஸ் தாடையில ஒரு தழும்பு இருக்கு.

அந்தத் தழும்பு விழுந்த நாளைப் பத்தி அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். 1964. காலையில ஊர்ல இருந்து தந்தி. அம்மா தவறிட்டாங்க. கப்பல்ல போனா ஒரு மாசம். விமானம் ஏற கடையை வித்தாலும் பத்தாது. என்ன பண்றதுன்னு தெரியலை. எட்டு மணிக்குக் கடையைத் திறந்துட்டார். வந்தவங்களுக்கெல்லாம் காபி போட்டார். பத்து மணிக்குக் கை நழுவிச்சு. ''தாடையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்து அழுதேன். எல்லாரும் அடிபட்டதுக்கு அழறேன்னு நினைச்சுட்டாங்க. வசதியா போச்சு.'' சொல்லிட்டு டேபிள் துடைக்கப் போயிட்டார். ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்கு போன் பண்ணச் சோம்பல்படுற ஆளு நான். அன்னிக்கு ஒரு மணி நேரம் எங்க அம்மாகிட்ட மொக்கை போட்டேன்.

1966 பிப்ரவரி பாஸுக்குக் கண்டச்சனி. 1-ம் தேதியில இருந்து மதுக்கடைகள் ராத்திரி பத்து வரைக்கும் திறந்திருக்கலாம்னு சட்டம் மாறுச்சு. சாயங்கால வியாபாரம் படுத்துச்சு. 14-ம் தேதி பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் போய் டாலர் வந்துச்சு. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டுன்னு பதினோரு வருஷம் மண்டையை உடைச்சுக் கத்துக்கிட்டதெல்லாம் வேஸ்ட்! ஆனா, அவர் மனைவி மட்டும், 'இந்த ஊருக்கு இப்பத்தான் ஒழுங்கா எண்ணத் தெரிஞ்சிருக்கு'ன்னாங்களாம்.

நடுவுல ஒரு மளிகைக் கடை, ஒரு ஐஸ்க்ரீம் வண்டி. ரெண்டையும் சூப்பர் மார்க்கெட்டுகள் சாப்பிட்டுடுச்சு. ஐந்தாவதுதான் இந்தக் கடை, 1983-ல் ஆரம்பிச்சது.

அவர் மனைவியை நான் 'சின்யோரா'ன்னுதான் கூப்பிடுவேன். பாஸ் நிறைய பேசுவார், கத்துவார், டிப்ஸ்ல பத்து சென்ட் குறைஞ்சா சி.பி.ஐ. விசாரணை வைப்பார். காலையில நாலு மணிக்கு எழுந்து மாவு பிசையறது, சப்ளையர் பில்லைச் சரிபார்க்கிறது, கடன் தேதியை ஞாபகம் வெச்சிருக்கிறது எல்லாம் சின்யோரா. பிப்ரவரி வந்தா, வீட்டுக் கொல்லைப்புறத்துல தக்காளியை மலையா குவிச்சு, வருஷத்துக்கான சாஸை அரைச்சு பாட்டில்ல அடைச்சு, டிரம்முல போட்டு அவிப்பாங்க. நம்ம வீட்டு வடாம், ஊறுகாய் சீஸன் மாதிரி, மொத்தக் குடும்பமும் ஆஜராகணும். ஐந்து கடைக்கும் அவங்க உழைச்சிருக்காங்க. போர்டுல மட்டும் 'அண்ட் சன்ஸ்'! அந்த சன்ஸ் ரெண்டு பேரும் பில் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஒருத்தர் வக்கீல், ஒருத்தர் பல் டாக்டர். ஒருநாள் துணிஞ்சு கேட்டேன், 'போர்டுல சின்யோரா பேர் ஏன் இல்லை பாஸ்?' ''போர்டு எழுதறவன் எழுத்துக்கு எழுத்து காசு கேட்டான்''ன்னு மழுப்பினார். இந்த ஒரு விஷயத்துல பாஸ் மேல எனக்கு இன்னமும் கோபம்தான்.

நான் போய் இறங்கின அதே ஜூலையில ஸ்டார்பக்ஸ் ஆஸ்திரேலியாவுல இருந்த 84 கடைகள்ல 61-ஐ மூடப் போறதா அறிவிச்சுது. இத்தாலிக்காரங்க பழக்கிவிட்ட காபி நாக்குகிட்ட அமெரிக்கக் கம்பெனி பருப்பு வேகலை! நான் பாஸ்கிட்ட போய், 'ஜெயிச்சுட்டோம்!'னு குதிச்சேன். அவர் பேப்பரை மடிச்சுட்டு, ''எத்தனை பேருக்கு வேலை போச்சு?''ன்னு கேட்டார். 1961 ஞாபகம் வந்திருக்கும்.

2009. உங்கள்ல சில பேர் அப்போ ஸ்கூல்ல இருந்திருப்பீங்க. மெல்பர்ன்ல இந்திய மாணவர்கள் மேல தாக்குதல்னு டி.வி-யில தினம் தினம் நியூஸ். மே 31-ம் தேதி ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஃப்ளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் எதிர்ல உட்கார்ந்து போராடினாங்க. நானும் உட்கார்ந்தேன். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் ஸ்டேஷன் வாசல்ல மூணு பேர் என்னைத் தள்ளிவிட்டு, செல்போனைப் பிடுங்கிட்டு, 'ஊருக்குப் போ'ன்னு சொல்லிட்டு ஓடினாங்க. வீட்டுக்குச் சொல்லலை. மறுநாள் கடையில கை நடுங்குறதைப் பார்த்து பாஸ் கண்டுபிடிச்சுட்டார்.

''எங்களுக்கும் சொன்னாங்க. டிராம்ல ரெண்டு பேர் இத்தாலியில பேசினா, 'இங்கிலீஷ்ல பேசு'ன்னு கத்துவாங்க. எனக்கு நம்பர்தான் தெரியும். திருப்பித் திட்டத் தெரியாம ஒன், டூ, த்ரீன்னு சத்தமா சொல்லிட்டு இறங்கிட்டேன்.''

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்பவும் பயம் போகலை. அன்னியில இருந்து ஆறு மாசம், நைட் ஷிஃப்ட் முடிஞ்சதும் தன்னோட ஓட்டை ஹோல்டன் கார்ல என்னை வீட்டு வாசல்ல விட்டுட்டுத்தான் போவார். பெட்ரோல் காசைச் சம்பளத்துல பிடிப்பாரோன்னு நினைச்சேன். பிடிக்கலை.

2010-ல் படிப்பு முடிஞ்சு ஒரு ஆபீஸ்ல சேர்ந்துட்டேன். 2012-ல் ஒருநாள் பாஸ் போன். ''கடையை வித்துட்டேன். சனிக்கிழமை வா, வேலை இருக்கு.''

வாங்கினது ஒரு பஞ்சாபி ஜோடி. புருஷன் பேங்க்குக்குப் போயிருந்தார். அந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் சுத்தமா வரலை. சாமான் கணக்கு பார்த்து ஒப்படைக்கணும். ''நீ இந்தியன்தானே? அவங்க பாஷையில நம்பர் சொல்லிக் கொடு''ன்னு பாஸ் பேனாவோட நிக்கிறார். எனக்கு ஹிந்தியே பத்தோட ஃபுல்ஸ்டாப்! பழைய ரூம்மேட் ஒரு ஜலந்தர் பார்ட்டி. அவனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சேன். அவன் சொல்லச் சொல்ல, பாஸ் ஒரு பில்லோட பின்பக்கத்துல இத்தாலிய எழுத்துல எழுதிக்கிட்டார்.

'இக், தோ, தின்ன்...'

பாஸ் ஒவ்வொரு கப்பா எடுத்து வெச்சு உரக்க எண்ணினார். தப்பா சொன்ன இடத்துல அந்தப் பொண்ணு திருத்துச்சு. சின்யோரா நோட்டுல குறிச்சாங்க. மொத்தம் 64 கப். ஒண்ணுல காது உடைஞ்சிருந்துச்சு. அதைத் தனியா எடுத்து வெச்சுட்டு, 63-க்கு மட்டும் விலை போட்டாங்க சின்யோரா.