பன்னிரண்டு மணி நேரக் குளிர்

கோலாலம்பூரிலிருந்து கேமரன் மலைக்கு ஒருநாள் சுற்றுலா என்று தேடினால் வரும் நிரல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். காலை 7 மணிக்கு வேன். தாப்பாவுக்கு மேலே லாத்தா இஸ்கந்தார் அருவியில் 15 நிமிடம். தேயிலைத் தோட்டத்தில் ஒரு மணி நேரம். ஸ்ட்ராபெரி பண்ணை, தேனீப் பண்ணை, பிரிஞ்சாங் சந்தை. மதியச் சாப்பாடு சொந்தச் செலவு. இரவு 7 மணிக்குள் வீடு. எங்களுக்கு ஆளுக்கு 250 வெள்ளி ஆனது. போக 200 கிலோமீட்டர், வர 200 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் பன்னிரண்டு மணி நேரத்தில் ஏழு, ஏழரை மணி நேரம் வேனுக்குள்தான் போகிறது. மிச்சம் நாலரை மணி நேரக் குளிர். காசு அதற்குத்தான்.

தமிழ் வெயிலில் வளர்ந்த மொழி. அதில் நல்லதெல்லாம் குளிர்கிறது. கண் குளிரப் பார்க்கிறோம், மனம் குளிரப் பேசுகிறோம், வயிறு குளிரச் சாப்பிடுகிறோம். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதே அவளைக் குளிர வைக்கத்தான். குளிர் கெட்ட பொருளில் வருவது கொஞ்சம்தான். ஒன்று காய்ச்சல். இன்னொன்று பயம். ஒருவனுக்குப் பயம் போய்விட்டால் ‘அவனுக்குக் குளிர்விட்டுப் போச்சு’ என்கிறோம். இந்த இரண்டாவது குளிரைப் பற்றி நினைக்க வைத்தவர் என் பெரியம்மா. அவரை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

அம்மாவும் பெரியம்மாவும் பிறந்தது கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடியுமுன் பெரட்டு, அப்புறம் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போகவேண்டும். பத்து மணிக்கெல்லாம் வெயிலும் கொசுவும் ஆளைப் பிடுங்கும். 1974ல் பெரியம்மாவைக் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்தபோது லயமே பொறாமைப்பட்டதாம். ‘குடுத்து வச்சவடி. படத்துல வர்ற ஊட்டி மாதிரி ஊருக்குப் போறா. வெயில்ல வேக வேணாம்.’ பெரியம்மாவுக்கு 19 வயது, அம்மாவுக்கு 16.

அதன்பிறகு பெரியம்மா கீழே இறங்கி வந்தது நாலைந்து முறைதான். அம்மா ஒருமுறைகூட மேலே ஏறவில்லை. 200 கிலோமீட்டர் தூரம் பெரிசில்லை. பஸ் காசு, போகிற இரண்டு நாள் சம்பளம், பிறகு ஒவ்வொருவராகப் பிறந்த நாங்கள், எல்லாம் சேர்ந்து அந்தத் தூரத்தைப் பெரிசாக்கின. 1998ல், 43 வயதில் பெரியம்மா இறந்தார். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது என்றார்கள். கீழே ஒரு மருத்துவமனையில்தான் உயிர் போனது. ஈமக்கடனும் கீழேயே முடிந்தது. பெரியப்பா ஓய்வு பெற்றதும் மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார். மேலே போக அம்மாவுக்கு அதற்கப்புறம் ஒரு காரணமும் இருக்கவில்லை.

போன வருடம் ஒருநாள், 67 வயதில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: “எனக்கு ஒருவாட்டி கேமரன் மலைய பாக்கணும் பாப்பா.” எனக்கு மலைப்பாதையில் கார் ஓட்டிப் பழக்கமில்லை. அதனால் சுற்றுலா வேனில் இரண்டு இடம் போட்டேன்.

வேனில் எங்களோடு சேர்த்து பதினோரு பேர். ஒரு ஜெர்மன் குடும்பம், ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு பெண்கள், சென்னையிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடி. வளைவுகளில் வாந்தி வரும் என்று அம்மாவை முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஓட்டுநரேதான் வழிகாட்டியும். ஐம்பதைத் தாண்டியவர், தமிழர். சட்டைக் காலரில் சின்ன ஒலிவாங்கி. தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மலைப்பாதையைப் பிடித்ததும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

நன்றாகவே சொன்னார். 1885ல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்து, மலைக்கு மேலே ஒரு சமவெளி இருப்பதாக எழுதிவைத்தார். நாற்பது வருடம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925ல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மேலே வந்து பார்த்தபிறகுதான் வெள்ளைக்காரர்கள் சூட்டிலிருந்து தப்பித்து ஓய்வெடுக்க ஒரு மலைவாசத் தலமாக்கும் வேலை தொடங்கியது. 1929ல் ஜே.ஏ.ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்தார். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே. கோலாலம்பூரில் 33 பாகை அடிக்கும்போது இங்கே 23தான்.

“ஊட்டி மாதிரியே இருக்குல்ல?” என்றது சென்னைப் பெண்ணின் குரல். இருக்கத்தான் செய்யும். இரண்டையும் மலைவாசத் தலமாக்கியது ஒரே ஏக்கம்தான்.

ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அவர் அம்மாவிடம் திரும்பினார். “அக்கா எந்தப் பக்கம்?”

அம்மா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அக்காவைக் கட்டிக்கொடுத்த தோட்டத்தின் பெயரையும், அதில் எந்த டிவிசன் என்பதையும் சொன்னார். அவர் சட்டென்று வேகத்தைக் குறைத்த மாதிரி எனக்குத் தோன்றியது. வளைவுக்காகவும் இருக்கலாம்.

“நா பொறந்ததே மேலதான் அக்கா. அதுக்கு அடுத்த டிவிசன். எங்கம்மா முப்பது வருசம் கொழுந்து எடுத்தாங்க.”

அதிலிருந்து அந்த வேனில் இரண்டு சுற்றுலாக்கள் நடந்தன. ஒலிவாங்கி வழியாக எல்லாருக்கும் ஆங்கிலத்தில் ஒன்று. அணைத்திருக்கும்போது அம்மாவுக்குத் தமிழில் ஒன்று. பின்சீட்டிலிருந்து முன்னால் குனிந்து இரண்டையும் கேட்டது நான் மட்டும்தான்.

ஆங்கிலத்தில் தேயிலைக்குக் குளிரும் மழையும் எப்படித் தோதானவை என்று சொன்னார். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே கொழுந்துக்கு ஓய்வுக்காலம் கிடையாது, ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே செடியில் மறுபடி எடுக்கலாம், வருடம் பூராவும்.

தமிழில் சொன்னது: “கொழுந்துக்கு லீவு இல்லன்னா எடுக்கிறவங்களுக்கும் இல்லதான அக்கா.”

அம்மா ரப்பர் தோட்டத்துக் கணக்கோடு கேட்டார். “மழ பேஞ்சா?”

பால்மரத்தை மழையில் சீவ முடியாது. பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்தோடும், மங்கில் தண்ணீர் சேரும். அம்மாவின் உலகத்தில் மழை என்றால் வேலை இல்லை, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் இருக்கலாம்.

“மழையிலயும் எடுக்கணும். பிளாஸ்டிக்க இடுப்புல சுத்திக்குவாங்க. முதுகுல கூடை. நனைஞ்ச கொழுந்து கனக்கும், ஆனா அந்தத் தண்ணிக்கு எடை கழிச்சிருவாங்க. அட்டை ஏறும். வெரலு வெறச்சிப் போயி, மத்தியானம் சோத்த பெசைய முடியாம எங்கம்மா கரண்டியில சாப்புடுவாங்க.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “அவ வர்றப்ப கரண்டி கேட்பா. நாங்க எல்லாரும் சிரிப்போம். மேட்டுக்குப் போயி துரைசானி ஆயிட்டான்னு.”

இந்த நாட்டில் வானிலைத் துறை பதிவு செய்ததிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை. 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, கேமரன் மலையில். மலேசியாவைப் பற்றிய சுவையான தகவல்களில் ஒன்றாக நான் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன், புதிர்ப்போட்டியில் வரும். அந்தக் காலையிலும் ஆறு மணிக்குப் பெரட்டுக்கு ஆட்கள் நின்றிருப்பார்கள், அதில் 23 வயதில் பெரியம்மாவும் நின்றிருப்பார் என்பது இந்தப் பயணத்தில்தான் என் தலைக்குள் ஏறியது.

தானா ராத்தா நெருங்கும்போது ஜிம் தாம்ப்சன் கதை வந்தது. தாய்லாந்துப் பட்டை உலகத்துக்கு விற்ற அமெரிக்கர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு, இங்கே நண்பர்களின் பங்களாவில் தங்கியிருந்தவர் மதியத்துக்கு மேல் நடக்கப் போனார். திரும்பவில்லை. நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள், காட்டைத் தெரிந்த ஓராங் அஸ்லி மக்கள், மோப்ப நாய்கள் என்று எல்லாரும் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. புலி அடித்ததா, கடத்தினார்களா, உளவுத்துறை வேலையா? வேன் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. ஜெர்மன் பையன் கேள்விமேல் கேள்வி கேட்டான். அறுபது வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம், வாரத்துக்கு ஏழு நாள், வேன் வேனாக.

ஒலிவாங்கி அணைந்தபோது நான் கேட்டேன், “அண்ணே, உங்க டிவிசன்ல எத்தன குடும்பம் இருந்துச்சு?”

“அறுபது இருக்கும்.”

“இப்ப?”

“நம்மாளுங்க நாலஞ்சு. கோயில் பூசைக்கு ஆள் வேணும்ல. மத்தவங்க எல்லாம் எறங்கிட்டாங்க. ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூரு. புள்ளைங்க படிச்சிருச்சி, நல்லதுதான். சில பேரு எங்க போனாங்கன்னே தெரியாது.”

அம்மா பெரியம்மாவின் பெயரைச் சொல்லி, தெரியுமா என்று கேட்டார். பெரியப்பாவின் பெயரையும் சொன்னார். அவர் யோசித்தார். மனசார யோசித்தார், முகத்தில் தெரிந்தது. “ஞாபகம் வரலக்கா. சின்னப்புள்ளையில எல்லாருமே எங்களுக்கு அத்த, பெரியம்மாதான். பேரு தெரியாது.”

சுங்கை பாலாஸில் மலைச்சரிவுக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக் கட்டிய பார்வைமேடை இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால், வாரிவிட்ட தலைமுடி மாதிரி பச்சை வரிசைகள் பள்ளத்துக்குள் இறங்கிப் போகும். அழகு. அதில் பொய் இல்லை. அம்மாவும் வாயைத் திறந்தபடி நின்றார். கண் குளிர என்பது இதுதான். தேநீர், ஸ்கோன், ஸ்ட்ராபெரி ஜாம் வாங்கிச் சாப்பிட்டோம். தொழிற்சாலைக்குள் இலையை வாட்டுவது, உருட்டுவது, புளிக்க விடுவது, உலர்த்துவது என்று ஒவ்வொன்றையும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தோம்.

வெளியே சாலையோரச் சரிவில் இரண்டு பேர் கொழுந்து வெட்டும் இயந்திரத்தை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தார்கள். பின்னால் ஒருவர் வெட்டிய கொழுந்து சேரும் பையைத் தூக்கி வந்தார். முகத்தைப் பார்த்தால் நேப்பாளம் என்று தோன்றியது. வரிசை முடிந்து சாலைக்குப் பக்கத்தில் வந்ததும் அம்மா தன் தோட்டத்து மலாயில் கேட்டார், “சுஜுக் தாக்?” குளிரலையா?

பையைத் தூக்கி வந்தவர் சிரித்தார். இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. “பியாசா, மாச்சிக்.” பழகிப்போச்சும்மா.

குளிர்விட்டுப் போவது இப்படித்தான் போலிருக்கிறது. குளிர் குறைவதில்லை. ஆள் பழகிக்கொள்கிறார். பழகிக்கொண்ட ஆட்கள் இறங்கிப்போனால் பழகிக்கொள்ள வேறு நாட்டிலிருந்து வேறு ஆட்கள் வருகிறார்கள். அன்று திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து. இன்று நேப்பாளம், பங்களாதேஷ், இந்தோனேசியா. தேயிலை அதே சுவையில் இருக்கிறது.

ஸ்ட்ராபெரி பண்ணைக்குப் போகும் வழியில் நிரலில் இல்லாத ஓர் இடத்தில் வேன் நின்றது. வளைவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் அகலமான மண்தரை. ஒலிவாங்கியில் அறிவித்தார்: “ஃபோட்டோ ஸ்டாப். ஃபைவ் மினிட்ஸ்.” எல்லாரும் இறங்கினார்கள். நல்ல காட்சிதான், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. கைபேசிகள் மேலே எழும்பின. சென்னை ஜோடி, தங்களை ஒரு படம் எடுத்துத் தரச்சொல்லி என்னிடம் கேட்டது. எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், ஓட்டுநர் அம்மாவைக் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்.

“அதோ எதிர் மலையில, அந்த வெள்ள பிளாஸ்டிக் கூரை காய்கறித் தோட்டத்துக்குக் கீழ. தகரம் தெரியுதா? ரெண்டு வரிசை. அதான் அந்த டிவிசன் லயம். அதுல எது உங்க அக்கா வீடுன்னு எனக்குத் தெரியாது.”

“போக முடியாதா தம்பி?”

“கேட்டுல பாஸ் வேணும்க்கா. வண்டியில வேற ஆளுங்க இருக்காங்க. நேரமும் இல்ல.”

அம்மா தலையாட்டினார். அழவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தத் தகரக் கூரைகளையே பார்த்தார். காற்று அடித்தது. சேலைத் தலைப்பை இழுத்துக் காதோடு சுற்றிக்கொண்டார். அந்த ஐந்து நிமிடமும் பதினோரு பேரும் பார்த்தது ஒரே மலையைத்தான். ஒன்பது பேரின் படங்களிலும் அந்தக் கூரைகள் இரண்டு வெள்ளிக்கோடுகளாக விழுந்திருக்கும். பெரிதாக்கிப் பார்க்க அவர்களுக்கு அவசியம் இல்லை.

அவர் ஏன் அதையெல்லாம் ஒலிவாங்கியில் சொல்வதில்லை என்று எனக்குக் கேட்கவேண்டும்போல இருந்தது. கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “குளிர அனுபவிக்க வர்றவங்க, பாப்பா. லீவுல வந்தவங்கள்ட்ட எங்கம்மா வெரல பத்தி சொல்றதா? கேட்டா சொல்லுவேன். யாரும் கேட்டதில்ல. இன்னிக்குத்தான்.”

பிரிஞ்சாங் சந்தையில் அம்மா ஒரு கிலோ தக்காளியும் நாலு கட்டுக் கீரையும் வாங்கினார். தேயிலைப் பொட்டலங்களை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

இறங்கும்போது எல்லாரும் தூங்கினார்கள். காது அடைத்து அடைத்துத் திறந்தது. தாப்பாவுக்கு வந்ததும் கண்ணாடி வழியாக வெயில் உள்ளே ஏறியது, நாலரை மணி வெயில், மூங்கிலும் ரப்பரும் எண்ணெய்ப் பனையும் கலந்த கீழ்நாட்டு வாடையோடு. ஓட்டுநர் வழக்கம்போல ஏர்கோனைக் கூட்டினார். முதல் காற்று முன்சீட்டில்தான் அடிக்கும்.

“போதும் தம்பி,” என்றார் அம்மா.

அவர் எட்டி, அம்மாவின் முகத்துக்கு நேரே இருந்த காற்றுத் துளையை மட்டும் மூடினார். பின்னால் இருந்தவர்களுக்குக் குளிர் வந்துகொண்டே இருந்தது.