பூதத்துக்கும் ஒரு சீட்டு

பகடை என்றதும் நமக்குச் சகுனிதான் நினைவுக்கு வருவான். ஆனால் நான் எழுத வந்த பகடைக்குப் பக்கங்கள் 20. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-இல் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் பகடை அது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அக்கதைக்குள் நடப்பார்கள். வாள்வீச்சு பட்டதா, தவறியதா என்பதைப் பகடை சொல்லும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். “ராத்திரியெல்லாம் பூதத்தோட சண்டையா? படிக்கத்தானேப்பா அனுப்பினோம்” என்று அம்மா கேட்டாள். செலவில்லை என்றேன், அது உண்மைதான். இதன் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் எவரும் இலவசமாக எடுத்தாளும் உரிமத்தோடு வெளியாயின. பகடைக்குப் பதில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை டம்ளரில் போட்டு எடுக்கிறோம். 1979 வாக்கில் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது வெளியீட்டாளர்களே பெட்டிக்குள் சீட்டுகளை வைத்துத்தான் விற்றார்கள். எடுத்த சீட்டை உடனே திரும்பப் போட்டுவிட வேண்டும். இல்லையேல் நிகழ்தகவு கெட்டுவிடும்!

இவ்விளையாட்டில் புது விதிகளை நாமே எழுதிக்கொள்ளலாம். என் அறைத்தோழன் தன் வாள்வீரனுக்கு ‘இடிவாள்’ என்றொரு திறனை எழுதினான். அடி விழுந்தால் எதிரி தன் அடுத்த முறையை இழப்பான். அதற்கு ஈடாக, சேதம் பாதிதான். காகிதத்தில் நஷ்டக் கணக்கு. புள்ளியியல் மாணவன் என்பதால் என்னை வெள்ளோட்டம் பார்க்கச் சொன்னான்.

சீட்டில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி விழும் என்று கொள்வோம். வாய்ப்பு 65 சதவீதம். ஐந்தாம் நிலையை எட்டிய வீரனுக்கோ ஒவ்வொரு முறையும் இரண்டு அடி. இரண்டும் தவற வாய்ப்பு 0.35 × 0.35. ஆக, ஏறத்தாழ 88 சதவீதம் பூதம் சும்மா நிற்கும்.

எங்கள் குழுவில் மருத்துவன் பாத்திரம் ஏற்பவன் வகுப்பில் வாயே திறக்காதவன். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பெஞ்சைப் பார்ப்பான். விளையாட்டில் மட்டும் அவன் குரல் எழும். காயம்பட்டவனிடம், “பயப்படாதே, நான் இருக்கேன்” என்பான். வெள்ளோட்டத்தில் யாருக்கும் காயமே இல்லை. நான்காவது சண்டையில் தன் முறை வந்தபோது, “எனக்கு வேலை ஒண்ணுமில்லடா, அடுத்தவன் எடுக்கட்டும்” என்று சொல்லிவிட்டு ரெக்கார்டு நோட்டில் படம் வரையத் தொடங்கினான்.

“சேதம் பாதிதானேடா!” என்று அறைத்தோழன் வாதாடினான். சதவீதத்தைச் சொன்னேன், அசையவில்லை. அந்த ரெக்கார்டு நோட்டைக் காட்டினேன். பேசாமல் இருந்தான்.

மறுநாள் இருவரும் விதியைத் திருத்தினோம். ஒரு முறையில் ஓர் அடிக்கு மட்டுமே இடிவாள். அடி விழுந்ததும் பூதமும் ஒரு சீட்டு எடுக்கும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் தப்பிக்கும். 0.65 × 0.45, அதாவது 29 சதவீதம். அன்றிரவு முதல் சண்டையிலேயே பூதம் தப்பித்து வாள்வீரனைத் தூக்கி அடித்தது.

“பயப்படாதே” என்றான் மருத்துவன், நோட்டை மூடியபடி.

பதினோராம் நிலையில் வீரனுக்கு மூன்று அடி உண்டு. அந்த வெள்ளோட்டம் செமஸ்டர் தேர்வுக்குப் பிறகு.