மேடிசன் ஆற்றில் கால் பதிக்கும் உரிமை



ஆற்று நீர் எவருக்குச் சொந்தம் என்று கேட்டால், எல்லோருக்கும் பொது என்று தயங்காமல் விடை கூறிவிடுவோம். ஆனால் அந்த ஆற்றின் இரு கரைகளும் தனியார் நிலமாக இருந்து, வேலியும் போடப்பட்டிருந்தால், பொதுவான அந்நீரிடம் பொதுமக்கள் எவ்வழியே செல்வது? நீருக்கடியில் கிடக்கும் கூழாங்கற்கள் மீது கால் வைத்து நிற்கலாமா, கூடாதா? இவ்வினாவுக்கு விடை காண நீதிமன்றப் படியேறி, பின்னர் அதற்கெனச் சட்டமும் இயற்றிக்கொண்ட மாநிலம் ஒன்று அமெரிக்காவின் மேற்கே உண்டு. அதன் பெயர் மொன்டானா. டிரவுட் மீன்களுக்குப் பெயர்பெற்ற அம்மாநிலத்தின் மேடிசன் ஆற்றங்கரைக்கு, வசந்த காலத்தில், இக்கட்டுரையின் வழியே உங்களை அழைத்துச் செல்ல விழைகிறேன்.

ஆறு பிறந்த கதை

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், வெந்நீர் ஊற்றுகளின் நீரைச் சுமந்துவரும் ஃபயர்ஹோல் ஆறும் கிப்பன் ஆறும் கூடுமிடத்தில் மேடிசன் பிறக்கிறது. மேற்கு நோக்கி ஓடி மொன்டானாவுக்குள் புகுந்து, பின் வடக்கே திரும்பி, த்ரீ ஃபோர்க்ஸ் என்னும் ஊருக்கு அருகில் ஜெஃபர்சன், கேலட்டின் ஆகிய ஆறுகளோடு கலந்து மிசௌரி என்னும் பேராறாகிறது. 1805ஆம் ஆண்டு கோடையில் அங்கு வந்த லூயிஸ், கிளார்க் பயணக் குழுவினர், அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் மேடிசனின் பெயரை இதற்குச் சூட்டினர். அவரே பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

இவ்வாற்றின் மேற்பகுதியை இரண்டு ஏரிகள் தாங்குகின்றன. முதலாவது, நூறாண்டைக் கடந்த ஹெப்கன் அணையின் நீர்த்தேக்கம். இரண்டாவதை மனிதர் கட்டவில்லை. 1959 ஆகஸ்ட் 17ஆம் நாள் நள்ளிரவை நெருங்கும் வேளையில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து ஆற்றின் குறுக்கே விழுந்தது. அந்த நிலநடுக்கத்தில் 28 பேர் மாண்டனர். அடைபட்ட நீர் தேங்கி ஏரியாயிற்று. இன்றும் அதனைக் குவேக் லேக், அதாவது நிலநடுக்க ஏரி என்றே அழைக்கின்றனர். அங்கிருந்து என்னிஸ் என்னும் சிற்றூர் வரை, ஆழமான மடுக்கள் அதிகமின்றி, கற்களின் மேல் சலசலத்துக்கொண்டே ஆறு ஓடுகிறது. இப்பகுதியை ஐம்பது மைல் சலசலப்பு என்று அங்குள்ளோர் செல்லமாகக் கூறுவர்.

வசந்தத்தில் ஆற்றின் நிலை

வசந்தம் என்றதும் பூத்துக் குலுங்கும் சோலைகளை மனத்தில் எண்ணிவிட வேண்டாம். மொன்டானாவில் ஏப்ரல் மாதத்திலும் பனி பொழியும். காலையில் தூண்டில் நூல் செல்லும் வளையங்களில் பனிக்கட்டி உறைந்து நிற்கும். நண்பகலுக்குப் பின் நீர் சற்றே வெதுவெதுப்படையும்போதுதான் சிறு பூச்சிகள் நீர்ப்பரப்பில் வெளிப்படும். அவற்றை உண்ண மீன்களும் மேலே வரும். ஆகவே விடியற்காலையில் எழுந்தோட வேண்டிய அவசியம் இக்காலத்தில் இல்லை. குளிரில் சோம்பிக் கிடக்கும் மீன்கள் வேகமான நீரோட்டத்தை விட்டு ஒதுங்கி, கற்களின் பின்னாலும் கரையோர ஆழங்களிலும் தங்கியிருக்கும்.

மே மாதத்தின் நடுவில் மலைகளின் பனி உருகத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும். பனியுருகு நீர் ஜூன் மாதம் வரை கலங்கலாகப் பெருக்கெடுக்கும். மேடிசனின் மேற்புறத்தில் ஏரிகள் இருப்பதால், அணையற்ற அண்டை ஆறுகளைப் போல் இது அத்துணை கட்டுக்கடங்காமல் பாய்வதில்லை. எனினும் வெஸ்ட் ஃபோர்க் போன்ற கிளையாறுகள் சேறு கொண்டு வந்து சேர்க்கும். நொடிக்கு எத்தனை கன அடி நீர் ஓடுகிறது என்பதை அரசின் அளவுமானிகள் இடைவிடாது அறிவிக்கின்றன. அதனைப் பாராமல் ஆற்றில் இறங்குவது அறிவுடைமையாகாது. வழுக்கும் உருண்டைக் கற்களும், முழங்காலுக்கு மேல் இழுக்கும் குளிர்நீரும் உயிருக்கே உலை வைக்கக்கூடியவை.

வேலியும் பாலமும்

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 1980களில் டியர்பார்ன், பீவர்ஹெட் என்னும் இரு மொன்டானா ஆறுகளைக் குறித்து வழக்குகள் எழுந்தன. ஆறு எங்கள் நிலத்தின் ஊடே ஓடுகிறது, ஆகவே பிறர் வரலாகாது என்பது நிலவுடைமையாளர் தரப்பு வாதம். 1984இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், ஆற்றின் அடித்தரை எவருக்கு உரியதாயினும், பொழுதுபோக்குக்கு உதவும் நீரைப் பொதுமக்கள் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, 1985இல், சட்டமன்றம் அதனைச் சட்டமாக்கியது.

இச்சட்டம் வகுத்த எல்லைக்கோடு கருத்தில் கொள்ளத்தக்கது. நீர் வழக்கமாக ஏறி நின்று, தரையின் மண்ணையும் செடிகொடிகளையும் மாற்றிவிட்ட அடையாளம் எதுவரை தெரிகிறதோ, அதுவரை எவரும் நடக்கலாம். எப்போதோ வெள்ளம் பரவிய வயல்வெளி இதில் சேராது. அதேபோல், ஆற்றை அடைவதற்காகப் பிறர் நிலத்தின் குறுக்கே நடக்கவும் உரிமையில்லை. அப்படியானால் எவ்வழியே இறங்குவது? பொதுச் சாலையின் பாலங்கள் வழியே! 2009இல் இயற்றப்பட்ட சட்டம் பாலத்தடியில் இறங்கும் உரிமையை உறுதி செய்தது. ரூபி ஆற்றுப் பாலம் ஒன்றைப் பற்றிய வழக்கில், 2014இல் உச்ச நீதிமன்றமும் பொதுமக்கள் பக்கமே நின்றது.

எல்லை தாண்டி வயோமிங் மாநிலம் சென்றால் முறை வேறு. அங்கே தனியார் நிலத்தினூடே ஓடும் ஆற்றில் படகில் மிதந்து செல்லலாம். ஆனால் இறங்கி அடித்தரையில் நின்று மீன் பிடிக்கலாகாது. 1961ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று நிலைநாட்டிய முறை அது. நீர் ஒன்றே, மாநில எல்லைக்கு இப்பால் கால் வைப்பது உரிமை, அப்பால் அதுவே அத்துமீறல்!

மேடிசன் ஆற்றில் ரேனால்ட்ஸ் பாஸ், லயன்ஸ் பாலம், மெக்கட்டி பாலம், வார்னி பாலம் எனப் பல இடங்களில் இறங்குதுறைகள் அமைந்துள்ளன. மூன்று டாலர் பாலம் என்றே ஓர் இடம் உண்டு. முன்னாளில் அங்கு வண்டி நிறுத்தி மீன் பிடிப்போரிடம் நிலத்துக்கு உரியவர் மூன்று டாலர் பெற்றுக்கொண்டதால் வந்த பெயர் அது. இன்று அது பொது இறங்குதுறை. கட்டணம் மறைந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

காலடியில் ஓர் உயிர்க்குலம்

உரிமை கிடைத்துவிட்டது. இனி விரும்பிய இடத்திலெல்லாம் கால் வைக்கலாம் என்று எண்ணிவிடலாமா? வசந்தம்தான் ரெயின்போ டிரவுட் முட்டையிடும் பருவம். பெண் மீன் தன் வாலால் சரளைக் கற்களைக் கிளறிக் குழி செய்து, முட்டையிட்டு, மீண்டும் சரளையால் மூடிவிடும். பாசி படிந்த அடித்தரையின் நடுவே, கழுவித் துடைத்தது போல் வெளிறித் தோன்றும் வட்டமே அதன் கூடு. முட்டை பொரிக்கப் பல வாரங்கள் ஆகும். பொரித்த குஞ்சும் உடனே வெளிவராமல் கற்களின் இடுக்கில் மேலும் சில வாரங்கள் தங்கியிருக்கும்.

மொன்டானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 1992இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு நம்மைத் திடுக்கிட வைக்கிறது. முட்டைப் பருவம் முதல் குஞ்சு வெளிவரும் வரை, நாளுக்கு இருமுறை கூட்டின் மேல் மனிதர் நடந்தால் 96 விழுக்காடு வரை அழிந்துவிடுகின்றன. பொரிக்கும் தறுவாயில் ஒரே ஒரு முறை மிதித்தாலும் 43 விழுக்காடு வரை இழப்பு. மிதித்தவருக்கோ, தாம் செய்தது இன்னதென்று தெரிவதேயில்லை!

இவ்வாற்றில் வளர்ப்புக் குஞ்சுகளை விட்டு இழப்பை ஈடு செய்வதும் இல்லை என்பதை நினைவிற் கொள்க. டிக் வின்சென்ட் என்னும் மீனியல் அறிஞர் இதே மேடிசனில் நடத்திய ஆய்வு, பண்ணை மீன்களை விடுவதால் ஆற்றில் தாமே பெருகிய மீன்கள் குறைகின்றன என்று காட்டியது. அதன் விளைவாக, டிரவுட் தாமாகவே இனம் பெருக்கும் ஆறுகளில் பண்ணை மீன் விடும் வழக்கத்தை மொன்டானா 1974இல் கைவிட்டது. சரளைக்குள் பிழைப்பவையே மறு ஆண்டின் மீன்கள்.

நோயும் காலோடு ஒட்டி வரலாம். 1994இல் இவ்வாற்றில் கண்டறியப்பட்ட சுழல் நோய், குஞ்சுகளைத் தாக்கிச் சுற்றிச் சுற்றி நீந்த வைப்பது. ரெயின்போ இனம் சில பகுதிகளில் பத்தில் ஒரு பங்காய்ச் சுருங்கிப் பின்னரே மெல்லத் தேறியது. இத்தகைய கிருமிகளும் அயல்நாட்டு நத்தைகளும் ஈரக் காலணிகளில் ஒட்டிப் பரவக்கூடும் என்பதால், கம்பளித் தடுக்கு அடிப்பாகம் கொண்ட காலணிகளை யெல்லோஸ்டோன் பூங்கா 2018 முதல் தடை செய்துள்ளது. ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குச் செல்லுமுன் காலணியைக் கழுவி உலர்த்துவது அங்கு கடமையாகக் கருதப்படுகிறது.

2021 நவம்பர் இறுதியில் ஹெப்கன் அணையின் மதகு பழுதுபட்டு, ஆற்றின் நீர்வரத்து திடீரெனப் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஓரக்கால்களில் மீன்கள் தவித்தன. செய்தி கேட்ட மக்கள் வாளிகளோடு திரண்டு வந்து, குளிரில் நின்று அவற்றை அள்ளி ஆற்றின் நடுவோட்டத்தில் சேர்த்தனர். ஆற்றில் இறங்கும் உரிமை பெற்ற மக்களே அன்று அதன் காவலராகவும் நின்றனர்.

வாசகர்களே! நம் நீலகிரியின் அவலாஞ்சியில் வாழும் ரெயின்போ டிரவுட்டும் அமெரிக்காவின் பசிபிக் கரையைப் பூர்விகமாகக் கொண்ட இனமே. ஆகவே இம்மீன் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. உங்கள் பிள்ளைகளோ உறவினரோ அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வசிப்பின், வசந்தத்தில் ஒரு நாள் மேடிசன் செல்லச் சொல்லுங்கள். தூண்டில் போட விரும்பினால் உரிமச் சீட்டு வாங்கவும், அவ்வாண்டின் விதிநூலைப் படிக்கவும் வேண்டும். வசந்தத்தில் சில பகுதிகள் மூடப்பட்டிருக்கலாம். தூண்டில் வேண்டாம் என்போர் பாலத்தின் மீது நின்று கீழே உற்று நோக்கினாலே போதும். பாசிக் கற்களின் நடுவே வெளிறிய வட்டம் ஒன்று தெரிந்தால் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அதன் பின் ஆற்றில் இறங்கும்போது, அவ்வட்டத்தைச் சுற்றிக்கொண்டு நடக்க அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிராது.