உருண்டை என்று எடுத்துக்கொண்டேன்

எனக்குப் பதில் தெரியாததை மறைக்க, கேள்வி கேட்ட பிள்ளையின் வாயை அடைத்தேன். சுழலும் நீர்த்துளியைப் பற்றிய கணக்கு அது.

சங்கரன்கோவிலில் என் வீட்டு மாடியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுத்துவந்தேன். பரப்பு இழுவிசைப் பாடம் முடிந்ததும், புத்தகத்தில் இல்லாத கணக்கு ஒன்றைச் சொந்தமாகப் போட்டுக் காட்டும் ஆசை வந்தது. பிள்ளைகள் என்னை வியந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது.

துளியைச் சுழல் அச்சின் வழியே இரண்டாக வெட்டியதாக வைத்துக்கொண்டேன். ஒரு பாதியை மையவிலக்கு விசை வெளியே தள்ளுகிறது. வெட்டிய வட்டத்தின் விளிம்பெங்கும் பரப்பு இழுவிசை அதைப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டையும் சமன் செய்தால், சுழற்சி வேகத்தின் இருமடி என்பது பரப்பு இழுவிசையின் 8 மடங்கை, அடர்த்தியும் ஆரத்தின் மும்மடியும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தது. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள நீர்த்துளி நொடிக்குச் சுமார் 121 சுற்றில் பிய்ந்துவிடும் என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

"சார், சுத்தும்போது அது உருண்டையாவே இருக்குமா?" விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள் கேட்டாள்.

"அதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா. எழுது."

அவள் கேட்ட நொடியிலேயே கணக்கு ஆட்டம் கண்டுவிட்டது எனக்குப் புரிந்தது. புரிந்தேதான் அப்படிச் சொன்னேன்.

துளி உருண்டையாக இருக்காது, தட்டையாகும். வடிவம் தெரியாமல் விசையைச் சொல்ல முடியாது, விசை தெரியாமல் வடிவத்தைச் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்தேதான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பிரச்சினையின் உயிரே அவள் கேட்ட இடத்தில்தான் இருக்கிறது. நானோ உள்ளழுத்தத்தையும் விட்டுவிட்டிருந்தேன். சுழலாத துளிக்குள்ளும் மிகையழுத்தம் உண்டு, அதைத் தாங்கவே பரப்பு இழுவிசை முழுவதும் செலவாகிறது. அதே பாடத்தில் நானே நடத்தியது இது! துளி சுழலச் சுழல அச்சருகே அழுத்தம் குறைகிறது. அப்படி மிச்சமாகும் பங்குதான் மையவிலக்கு விசைக்கு ஈடுகொடுக்கிறது. என் சமன்பாடு உண்மையில் காட்டியது, அச்சில் மிகையழுத்தம் பூச்சியமாகித் துருவங்கள் தட்டையாகும் நிலையை. துளி பிய்வதை அல்ல.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், விண்மீன்களை ஆராய்ந்தவர், 1965-ல் இந்தத் துளியின் நிலைப்புத்தன்மையை ராயல் சொசைட்டி இதழில் முழுதாக அலசியிருக்கிறார். மையவிலக்கு விசையைப் பரப்பு இழுவிசையோடு ஒப்பிட அவர் பயன்படுத்திய அளவெண்ணிலும் அதே 8 இருக்கிறது. என் விடைக்கு அந்த அளவெண்ணின் மதிப்பு 1. அவர் கணக்கில் அது 0.4587-ஐத் தொடும்போதே, துளி நிலக்கடலைபோல இரட்டை மடலாக நீளும் வழி திறந்துவிடுகிறது. தட்டையான துளியின் நடுக்கோட்டு ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் அது நொடிக்குச் சுமார் 82 சுற்று. பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ 1843-லேயே ஆல்கஹாலும் நீரும் கலந்த கலவையில் எண்ணெய் உருண்டையை மிதக்கவிட்டுச் சுழற்றி, அது தட்டையாவதைக் கண்ணால் காட்டியவர். ஒரு கண்ணாடிப் பாத்திரம் இருந்தால் மாடியிலேயே செய்து பார்த்திருக்கலாம்.

மறுநாளே அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கலாம். வருஷம் முழுக்க முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லவில்லை, அதன்பின் அவள் எதுவும் கேட்கவுமில்லை. இதைப் படிக்க நேர்ந்தால் அவள் தெரிந்துகொள்ளட்டும்: அவள் கேட்டது சரி, நான் போட்ட கணக்குத் தப்பு, அது எனக்கு அன்றைக்கே தெரியும்.